ஐஸ் ராஜா

தி.நகரில் நம் பேட்ச் நண்பர் ஒருவர் வீட்டு ஷோகேஸில் பிரெஞ்சு கிரிஸ்டல் செட் ஒன்று இருக்கிறது. மூடி போட்ட குடுவை, ஆறு கிளாஸ், ஐஸுக்கென்று தனியாக ஒரு வாளி. தாத்தா காலத்தில் துரை வீட்டு ஏலத்தில் எடுத்ததாம். ஃப்ரிட்ஜ் இல்லாத மெட்ராஸில் வாளிக்கு ஐஸ் ஏது என்று பேச்சு வந்தது. பதில், நாம் தினமும் பஸ்ஸில் தாண்டிப் போன ஐஸ் ஹவுஸ்! அந்தக் கட்டடம் எழக் காரணமான ஃப்ரெடரிக் ட்யூடரின் கதை இது.

1783-ல் பாஸ்டனில் பிறந்தவர். அப்பா பெரிய வக்கீல். அண்ணன் ஹார்வர்டில் படித்தார். இவர் காலேஜ் வாசலையே மிதிக்கவில்லை. (இந்த மலரில் இதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.)

குளத்தில் சும்மா உறைந்து கிடக்கும் ஐஸை வெட்டி வெயில் நாடுகளுக்கு விற்கலாம் என்றார். ஊரே சிரித்தது. 1806-ல் 130 டன்னோடு மார்த்தினீக் என்ற பிரெஞ்சுத் தீவுக்குப் போனார். இறக்கி வைக்கக் கிடங்கு இல்லை. பாதுகாப்பது எப்படி என்று வாங்கியவர்களுக்கும் தெரியவில்லை. கண்ணெதிரே கரைந்தது. நஷ்டம் சுமார் 4,500 டாலர். பிறகு கடனுக்காக ஜெயில் வாசமும் ஆயிற்று. மனுஷன் விட்டாரா? மரத்தூளில் பொதிந்து கரைவதைக் குறைத்தார். நதானியேல் வைத் என்பவர் குதிரை பூட்டி ஐஸ் அறுக்கும் கருவி செய்து கொடுக்க, செலவும் குறைந்தது.

1833 மே மாதம் 'டஸ்கனி' கப்பல் 180 டன்னோடு கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நான்கு மாதப் பயணம். சுமார் 100 டன் மிஞ்சியது! அதுவரை துரைமார் வீடுகளில் வெடியுப்புத் தண்ணீரில் ஒயின் பாட்டிலைச் சுழற்றிக் குளிர வைக்க 'ஆப்தார்' என்றே ஓர் ஆள் இருப்பான். அதே சமயத்தில் ட்யூடர் காப்பி வியாபாரத்தில் 2 லட்சம் டாலருக்கு மேல் கோட்டைவிட்டார். அந்தக் கடன் அடைய நம் இந்திய வெயில்தான் பெரிதும் கைகொடுத்தது.

1840-களில் நம் கடற்கரையிலும் கிடங்கு எழுந்தது. 1864-ல் அவர் இறந்தார். பின்னால் மெஷின் ஐஸ் வந்து கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்தது. கட்டடத்தை வக்கீல் பிலிகிரி அய்யங்கார் வாங்கினார். 1897-ல் விவேகானந்தர் அங்கே தங்கினார். 1963-ல் விவேகானந்தர் இல்லம் என்று பெயரும் மாறியது. நம் நாளில் கண்டக்டர் மட்டும் ஐஸ் ஹவுஸ் என்றுதான் குரல் கொடுப்பார்.