கோவைகிழார்

நொய்யலாறு பாயும் கொங்கு நாடு தொன்மை மிக்கது. பேரூர்ப் பட்டீசுவரர் கோயிற் கல்வெட்டுக்களும், வெள்ளலூரிற் கிடைத்த உரோமானிய நாணயங்களும் அதற்குச் சான்றாவன. எனினும், மூவேந்தர் வரலாற்றின் ஓரத்தில் வைத்தே இந்நாடு நெடுங்காலம் பேசப்பட்டு வந்தது. அக்குறை நீங்க உழைத்த சான்றோருள் ஒருவர் கோவைகிழார்.

இராமச்சந்திரன் செட்டியார் என்பது அவர்தம் இயற்பெயர். 1888-ஆம் ஆண்டில் பிறந்த அவர், சட்டம் பயின்று கோயமுத்தூரில் வழக்கறிஞராய் விளங்கினார். கோவூர்கிழார், ஆலத்தூர்கிழார் முதலிய சங்கப் புலவர்கள் ஊர்ப்பெயரால் வழங்கப்பெற்றமை போலத் தாமும் கோவைகிழார் என்னும் புனைபெயர் பூண்டார்.

அந்நாளிற் பழஞ்சுவடிகள் பல செல்லுக்கு இரையாயின. திருப்பணி நிகழ்ந்த கோயில்களிற் கல்வெட்டுக்கள் இடம் மாறின; சில சுண்ணப் பூச்சில் மறைந்தன. ஒரு கல் அழியின் ஓர் ஊரின் வரலாறே அழியும். இதனை உணர்ந்த கோவைகிழார், கொங்கு நாட்டுச் சான்றுகளைத் தேடித் தொகுப்பதில் ஈடுபட்டார். அறநிலையத் துறையிற் பொறுப்பேற்றுக் கோயிற் பணியும் ஆற்றினார்.

கொங்கு வரலாறு எழுதுதல் எளிதன்று. கொங்குச் சோழர் கல்வெட்டுக்களுட் பெரும்பாலன அரசரின் ஆட்சியாண்டை மட்டுமே கூறும். ஒரே பெயருடைய அரசர் பலராதலின், இன்னார் இன்ன காலத்தவர் எனத் துணிதல் அரிது. கொங்குதேச ராசாக்கள் என்னும் பழைய உரைநடைச் சுவடியோ, உண்மையும் கதையும் விரவியது. அதனைக் கோவைகிழார் பதிப்பிக்க, 1950-ஆம் ஆண்டில் அது நூலாக வெளிவந்தது. சுவடி கூறுவதைக் கல்வெட்டோடும் செப்பேட்டோடும் ஒப்புநோக்கியே கொள்ளுதல் வேண்டும். வழக்கில் ஒருவர் சொல்லைப் பிற சான்றுகளால் ஆராய்ந்து பழகிய அவருக்கு இம்முறை புதிதன்று. அவர் எழுதிய கொங்கு நாட்டு வரலாறு 1954-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

ஆராய்ச்சி தம்மோடு முடிதல் கூடாது. அதனைத் தொடர்வார் வேண்டும். பேரூர்த் தமிழ்க் கல்லூரியின் முதல்வராய் இருந்து, இளைஞர் தமிழ் கற்க அவர் துணைநின்றார். 1969-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

1985-ஆம் ஆண்டு முதல் கொடுமணலில் நிகழ்ந்த அகழாய்வுகள், அவர் காலத்தில் அறியப்படாத பல செய்திகளை வெளிப்படுத்தின. புதிய சான்று கிடைக்கப் பழைய முடிபு திருந்துதல் வரலாற்றின் இயல்பு. அதனால் முன்னோர் உழைப்பு சிறுமை உறாது. அவர் இட்ட அடிப்படைமீதே பின்னோர் கட்டுகின்றனர். மாணவர்களே! நும் ஊர்க் கோயிற் சுவரில் எழுத்துடைய கல் காணின், அதன்மேற் கிறுக்காது காத்தல் நும் கடனாகும். ஓர் ஊரின் வரலாறு அக்கல்லில் அடங்கியிருத்தல் கூடும்.