மூச்சையே காணிக்கையாக்கிய நாகஸ்வரச் சக்கரவர்த்தி!

திருமூலர் தவமிருந்து திருமந்திரம் அருளிய புண்ணியத் தலம் திருவாவடுதுறை. மூச்சை ஆளும் பிராணாயாமத்தை விரிவாகப் பேசும் நூல் அது. அந்த ஊரின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு, மூச்சையே இசையாக்கியவர் ஒருவர் உண்டு. அவர்தான் நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளை!

1898-ம் ஆண்டு, ஆகஸ்ட் 27-ம் நாள் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்ரமணியம். தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளை பெரிய நாகஸ்வர வித்வான். அவரே இவரைப் பிள்ளையாக ஏற்றார். ஆனால், சின்ன வயதிலேயே மாமனையும் இழந்தார் சிறுவன். முதலில் கற்றுக்கொண்டது வாய்ப்பாட்டு. குரு, திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யர். பின்னாளில் இவரது நாகஸ்வரம் 'பாடியதற்கு' அந்த அஸ்திவாரமே காரணம்.

நாகஸ்வரம் வாசிப்பது லேசுப்பட்ட காரியமா என்ன? கிளாரிநெட்டில் விரலுக்கு உதவ விசைகள் இருக்கின்றன. நாகஸ்வரத்தில் வெறும் துளைகள்தான்! நாணல் தட்டையில் செய்த சீவாளியை உதட்டால் அழுத்தி, அடிவயிற்றிலிருந்து காற்றை எழுப்ப வேண்டும். ஸ்வரங்களுக்கு இடையிலான நுணுக்கங்கள் எல்லாம் உதடும் மூச்சும் சேர்ந்து தருபவை.

சுவாமி புறப்பாட்டை நினைத்துப் பாருங்கள். மல்லாரி முழங்க, நான்கு வீதிகளும் சுற்றி வர வேண்டும். பக்கத்திலேயே தவில் அதிரும். துணைக்கு ஒத்து ஊதுபவர், கன்னத்தில் காற்றை நிறுத்தி, மூக்கால் மூச்சு இழுத்தபடியே, சுருதி அறுபடாமல் ஊதுவார். மணிக்கணக்கில் நின்றும் நடந்தும் வாசித்தாலும், வீதிக் கோடியில் நிற்கும் பக்தர் காதிலும் விழ வேண்டும். அதற்கென்றே இருந்தது, குட்டையான, உச்ச சுருதி கொண்ட திமிரி நாகஸ்வரம்.

கச்சேரி மேடையோ வேறு. அங்கே உரக்க ஊதினால் போதாது. ஒரே ராகத்தை இழை இழையாக வளர்க்க வேண்டும். வீதிக்கு பலம் என்றால், மேடைக்கு நிதானம். இரண்டுக்கும் ஒரே உடம்பு, ஒரே மூச்சு!

இதற்காகவே ராஜரத்தினம் பிள்ளை நீளமான, கீழ் சுருதி கொண்ட பாரி நாகஸ்வரத்தைக் கையில் எடுத்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி அதைப் பக்குவமாகச் செய்து கொடுத்தார். நாதம் கம்பீரமானது. ஆனால், குழல் நீண்டால் துளைகளும் விலகும். விரல்களை அகட்டிப் பிடிக்க வேண்டும். அந்தச் சிரமத்தை அவர் விரும்பியே ஏற்றார். அவரது தோடி ராக ஆலாபனை மணிக்கணக்கில் நீளும். கூட்டம் அசையாமல் கிடக்கும்.

இவ்வளவு பாடுபட்ட கலைஞர்களுக்கு அந்நாளில் மேடையில் சம ஆசனம் கிடைப்பது அரிது. உடம்பைக் கரைத்து ஊதுபவன் ஓரமாக நிற்க வேண்டுமா என்பதே அவரது மனக்குறை. வாய்ப்பாட்டு வித்வான்களைப் போலவே நாகஸ்வரக்காரரும் மேடையில் அமர வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். பட்டு ஜிப்பாவும் கிராப்புத் தலையுமாக நிமிர்ந்து வந்தார். ஊர் கர்வி என்றது. கலைக்கோ கௌரவம் கூடியது.

1940-ல் 'கவி காளமேகம்' படத்தில் கதாநாயகனாக நடித்தார். 1947-ம் ஆண்டு, சுதந்திரத்துக்கு முந்தைய நாள் டெல்லியில், திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் செங்கோல் வழங்கப்பட்டபோது, உடன் ஒலித்தது இவரது நாகஸ்வரமே!

கை நிறையச் சம்பாதித்தும் காசு அவரிடம் தங்கவில்லை. 1956-ம் ஆண்டு, டிசம்பர் 12-ம் நாள், சென்னையில் 58-வது வயதில் அந்த மூச்சு அடங்கியது. ஒலிப்பதிவுகளில் மட்டும் அவரது தோடி இன்றும் ஒலிக்கிறது.

அடுத்த முறை கோயிலில் சுவாமி புறப்பாட்டின்போது, பிராகாரத்தில் நாகஸ்வரம் கேட்டால், ஒரு நிமிடம் நில்லுங்கள். நாம் இறைவனுக்குப் பூவும் பழமும் படைக்கிறோம். அந்தக் கலைஞர் படைப்பது தன் மூச்சை அல்லவா?