மொட்டைத் தலை, சீன வேஷம், கண்ணாடிப் பெட்டி... தேயிலை மலைக்குள் நுழைந்த ராபர்ட் ஃபார்ச்சூன் யார்?

ஓசூர் - பாகலூர் சாலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் ஒரு டீ குடித்து முடிக்க இரண்டு நிமிஷம் போதும். பால், சர்க்கரை, டஸ்ட் டீ, நாலு ஆத்து... வேலை முடிந்தது.

இதே இலையை மலை மேல் உட்கார்ந்து, பாலும் சர்க்கரையும் இல்லாமல், சின்னக் கிண்ணத்தில் ஊற்றி மணிக்கணக்கில் குடிப்பது சீனாவின் பழக்கம். அந்த மலை டீக்கடைகளில் அவசரமே இல்லாமல் சில நாட்கள் தங்கிவிட்டு வருவதற்கென்றே இப்போது பயணம் போகிறார்கள். 'ஸ்லோ டிராவல்' என்று அதற்குப் பெயர்.

சுமார் 175 வருஷத்துக்கு முன்பு அதே மலைப் பாதையில் ஒரு ஸ்காட்லாந்துக்காரர் போனார். நடந்தார், படகில் போனார், பல்லக்கில் ஏறினார், கோயில்களில் தங்கினார், டீ குடித்தார். ஆனால் அவர் போனது ஊர் பார்க்க இல்லை. தேயிலைச் செடியை எடுத்து வர!

யார் இந்த ஃபார்ச்சூன்?

ராபர்ட் ஃபார்ச்சூன் 1812-ல் ஸ்காட்லாந்தில் சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய படிப்பு இல்லை. தோட்ட வேலையில் சேர்ந்து, எடின்பரோ தாவரவியல் பூங்காவிலும், பிறகு லண்டன் தோட்டக்கலைச் சங்கத்திலும் வேலை பார்த்தார்.

முதல் அபினிப் போரில் தோற்ற சீனா, 1842-ல் ஐந்து துறைமுகங்களை பிரிட்டனுக்குத் திறந்துவிட்டது. அடுத்த வருஷமே செடி சேகரிக்க ஃபார்ச்சூனை சீனாவுக்கு அனுப்பியது சங்கம். மூன்று வருஷம் சுற்றினார். சீன மொழியை ஓரளவு பழகினார். திரும்பி வந்து 1847-ல் ஒரு பயண நூல் எழுதினார்.

அந்த அனுபவம்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கண்ணில் பட்டது.

கம்பெனிக்கு என்ன அவசரம்?

பிரிட்டன் குடித்த டீ கிட்டத்தட்ட மொத்தமும் சீனாவிலிருந்து வந்தது. அதற்கான பணத்தில் பெரும்பகுதி, இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனாவில் விற்றுக் கிடைத்தது. இந்த ஏற்பாடு எவ்வளவு நாள் ஓடும் என்ற பயம் கம்பெனிக்கு இருந்தது. இமயமலை அடிவாரத்தில் நாமே டீ விளைவித்தால் என்ன என்பதுதான் திட்டம்.

அதற்கு நல்ல ரகச் செடி வேண்டும், விதை வேண்டும், பதப்படுத்தத் தெரிந்த ஆள் வேண்டும். 1848-ல் வருஷத்துக்கு 500 பவுண்ட் சம்பளத்தில் இந்த வேலை ஃபார்ச்சூனிடம் வந்தது.

சீன வேஷம்

சிக்கல் ஒன்று இருந்தது. துறைமுக நகரங்களைத் தாண்டி வெளிநாட்டினர் உள்ளே போகத் தடை. நல்ல தேயிலை விளைவதோ உள்நாட்டு மலைகளில்.

அதனால் தலையின் முன்பக்கத்தை மழித்து, பின்னால் சடை தொங்கவிட்டு, சீன உடையில் கிளம்பினார். மழித்தவருக்கு அந்த வேலை சரியாக வரவில்லை. வலியில் ஃபார்ச்சூனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. யாராவது கேட்டால், பெருஞ்சுவருக்கு அப்பால் தொலைதூர மாகாணத்துக்காரர் என்று சொல்வதாக ஏற்பாடு.

முதலில் போனது பச்சைத் தேயிலைக்குப் பேர்போன ஹுய்சோ பகுதி. அவருடைய வேலையாள் வாங் என்பவருக்கு அதுதான் சொந்த ஊர். சோங்லுவோ மலைக்குப் பக்கத்தில் வாங்கின் பெற்றோர் வீட்டிலேயே ஃபார்ச்சூன் தங்கினார். வெளியே மழை. அந்த வீட்டுச் சாப்பாடு, அந்த வீட்டு அடுப்பு, சுற்றிலும் தேயிலைத் தோட்டம்.

பச்சை டீயில் நீலச் சாயம்

இந்தப் பயணத்தில் அவர் கண்டதில் இரண்டு விஷயங்கள் முக்கியமானவை.

ஒன்று: ஏற்றுமதிக்கான பச்சைத் தேயிலையில் 'பிரஷ்யன் நீலம்' என்ற சாயத்தையும் ஜிப்சம் பொடியையும் கலந்தார்கள். வேலை செய்தவர்களின் கைவிரலெல்லாம் நீலம். வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தப் பளபளப்பு பிடித்திருந்தது என்பதுதான் காரணம். உள்ளூர்க்காரர்கள் அதைக் குடிப்பதில்லை.

இரண்டு: பச்சை டீயும் பிளாக் டீயும் வேறு வேறு செடி என்று ஐரோப்பாவில் பலர் நம்பினார்கள். இரண்டும் ஒரே செடிதான், பதப்படுத்தும் முறைதான் வேறு என்று நேரில் பார்த்து உறுதி செய்தார் ஃபார்ச்சூன்.

இவை எதுவும் துறைமுகத்தில் இருந்துகொண்டு தெரிந்துகொள்ளக்கூடியவை அல்ல. இலை பறிப்பதையும் வறுப்பதையும் உருட்டுவதையும் பக்கத்தில் நின்று, நேரம் எடுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

வூயி மலையில் விருந்தாளி

1849-ல் அடுத்த பயணம், ஃபூஜியான் மாகாணத்தின் வூயி மலைக்கு. பாறை இடுக்குகளில் தேயிலை விளையும் இடம். 'டீ' என்ற சொல்லே ஃபூஜியான் பேச்சுவழக்கின் 'தே' என்பதிலிருந்து உலகம் முழுக்கப் போனது. 'சாயா' என்பது 'சா' என்ற இன்னொரு சீன உச்சரிப்பின் வழியாக வந்தது.

வழியில் தேயிலைப் பெட்டி சுமப்பவர்களைக் கவனித்தார். உயர்ந்த ரகப் பெட்டியை இரண்டு நீள மூங்கில்களுக்கு நடுவே கட்டித் தோளில் சுமந்தார்கள். இளைப்பாறும்போது மூங்கில் நுனி மட்டும்தான் தரையில் ஊன்றும். மலையைத் தாண்டும்வரை பெட்டி மண்ணில் படாது. அவ்வளவு பத்திரம்.

வூயியில் தோட்டங்கள் பல கோயில்களின் கையில் இருந்தன. துறவிகள் அவரை விருந்தாளியாகவே நடத்தினார்கள். சாப்பாடு போட்டு, அதே மலையில் விளைந்த டீயைக் கொடுத்தார்கள். சில நாட்கள் தங்கி, செடிகளைச் சேர்த்துக்கொண்டு இறங்கினார். வந்தவர் யார், எதற்காக வந்தார் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கண்ணாடிப் பெட்டிக்குள் தேயிலை

செடி கிடைத்தால் மட்டும் போதுமா? உப்புக்காற்றில் மாதக்கணக்கில் கப்பல் பயணம். ஆரம்பத்தில் அனுப்பியவற்றில் பெரும்பகுதி பிழைக்கவில்லை. தேயிலை விதையும் சீக்கிரம் முளைப்புத் திறனை இழந்துவிடும்.

தீர்வு, லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு கண்டுபிடித்த கண்ணாடிப் பெட்டி. வெயில் உள்ளே வரும், ஈரம் வெளியே போகாது. பாகலூர் பக்கம் ரோஜா வளர்க்கும் பாலி ஹவுஸ்களின் சின்னத் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் மல்பெரிச் செடிகளை நட்டு, நடுவே தேயிலை விதைகளைத் தூவி மண்ணால் மூடினார் ஃபார்ச்சூன். கடலிலேயே விதைகள் முளைத்தன.

1851-ல் தேயிலைத் தொழில் தெரிந்த 8 சீனர்களோடு கல்கத்தா வந்து சேர்ந்தார். சகாரன்பூர் தோட்டத்தை அடைந்தபோது உயிரோடு இருந்த செடிகள் 12,000-க்கும் மேல்.

அப்போ இந்திய டீக்கு இவர்தான் காரணமா?

பாதி உண்மை. அசாம் காடுகளில் தேயிலை ஏற்கெனவே இருந்தது. சிங்போ மக்கள் அதைப் பயன்படுத்தி வந்தார்கள். நம்ம நீலகிரியில் 1830-களிலேயே கேத்தி அரசுப் பண்ணையில் சீனச் செடியை வைத்துப் பார்த்தார்கள். இந்தியச் சமவெளியின் வெக்கைக்கு அசாம் ரகமே பெரும்பாலும் ஜெயித்தது. சீன ரகம் டார்ஜிலிங் போன்ற குளிர்ந்த மலைகளில் நிலைத்தது.

ஃபார்ச்சூன் கொண்டுவந்ததில் பெரியது, தேயிலையைப் பற்றிய அறிவும் அது தெரிந்த ஆட்களும்தான். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டன் சந்தையில் சீனாவை இந்தியா முந்தியது. இலங்கையில் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட, அந்த மலைகளுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரம் பேர் கூலிகளாகப் போனார்கள். கோயில் துறவிகள் நிதானமாகப் பறித்த கொழுந்து, அங்கே எடை போட்டுக் கூலி கணக்கிடும் சரக்கானது. எடை குறைந்தால் 'அரைப்பேர்', அதாவது பாதி நாள் சம்பளம்.

திருட்டா, சாதனையா?

பிரிட்டனில் அவர் பெரிய தாவர வேட்டைக்காரர். அழகுச் செடிகள் பலவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார். ஒரு மஞ்சள் ரோஜாவுக்கும் கும்குவாட் பழத்தின் பேரினத்துக்கும் அவர் பெயரே வைக்கப்பட்டது. இன்றைய பார்வையில் பலர் இதைத் தொழில் ரகசியத் திருட்டு என்கிறார்கள். செடிக்குக் காசு கொடுத்தார் என்பது உண்மை. சோறு போட்ட வீட்டிலும் கோயிலிலும் தான் யார் என்பதை மறைத்தார் என்பதும் உண்மை.

ஃபார்ச்சூன் 1880-ல் லண்டனில் இறந்தார். பிராம்ப்டன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

வூயி மலை இன்று

1999-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்ட வூயி மலைக்கு இப்போது அதிவேக ரயிலிலேயே போகலாம். அங்கே டீக்கடையில் உட்கார்ந்தால் சின்னக் குடுவையில் இலையைப் போட்டு, அதே இலைக்குத் திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றித் தருகிறார்கள். ஒவ்வொரு ஊற்றுக்கும் ருசி மாறும். அதனால் அவசரமாக எழுந்து வர முடியாது.

புகழ்பெற்ற 'தா ஹோங் பாவ்' தாய் மரங்களில் 2006 முதல் இலை பறிப்பதில்லை, பாதுகாக்கிறார்கள். 2022-ல் சீனாவின் பாரம்பரியத் தேயிலை பதப்படுத்தும் முறைகளையும், அதைச் சேர்ந்து குடிக்கும் பழக்கங்களையும் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. செடி உலகம் முழுக்கப் போய்விட்டது. அந்தக் குடுவைக்கு முன்னால் உட்காரும் நேரம் மட்டும் இன்னும் அந்த மலையிலேயே இருக்கிறது.