ஏழ்மையை எண்களில் காட்டியவர்: சமூக ஆய்வுக்கு வழிவகுத்த வி.கே.ஆர்.வி. ராவ்

புது தில்லி: தொழிலாளர் நிலை, வறுமை, சமூக ஏற்றத்தாழ்வு ஆகியவற்றை ஆராயும் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு அரசு நிதியளிக்க வேண்டும், ஆனால் எந்த ஆய்வுக்கு நிதி வழங்குவது என்பதை அறிஞர்களே பரிசீலிக்க வேண்டும். இந்த நோக்கத்துடன் 1969-ல் தில்லியில் தொடங்கப்பட்டது இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி கவுன்சில். அதற்கு அடித்தளமிட்டவர் காஞ்சிபுரத்தில் பிறந்த பொருளாதார அறிஞர் வி.கே.ஆர்.வி. ராவ்.

விஜயேந்திர கஸ்தூரி ரங்க வரதராஜ ராவ் என்பது அவரது முழுப்பெயர். 1908 ஜூலை 8-ம் தேதி பிறந்த அவர், பம்பாயில் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கீன்ஸ் போன்ற பொருளாதார மேதைகள் அங்கு கோலோச்சிய காலம் அது. ஆனால் ராவ் தமது ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது இந்தியாவின் தேசிய வருமானத்தை. அந்த ஆய்வுக்காக 1937-ல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஆண்டுக்கு 62 ரூபாய்

இந்தியரின் சராசரி வருமானம் எவ்வளவு என்பது அன்று வெறும் புள்ளிவிவரக் கேள்வி அல்ல. ஆங்கிலேய ஆட்சியில் நாடு வளர்ந்ததா, வறண்டதா என்ற அரசியல் வழக்கின் மையமே அதுதான். தாதாபாய் நௌரோஜி 19-ம் நூற்றாண்டிலேயே அந்தக் கேள்வியை எழுப்பி, ஒரு தோராயக் கணக்கையும் தந்திருந்தார். அந்தக் கணக்கை முறையான ஆய்வாக ராவ் மாற்றினார்.

வேளாண்மைக்கு விளைபொருளின் மதிப்பையும், பிற தொழில்களுக்கு அவற்றில் ஈடுபட்டவர்களின் வருமானத்தையும் கணக்கிட்டு, இரண்டையும் அவர் இணைத்தார். 1931-32-ம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்தியாவில் தனிநபர் வருமானம் ஆண்டுக்கு 62 ரூபாய் என்பது அவர் கண்ட முடிவு. அதாவது மாதத்துக்கு 5 ரூபாய்க்குச் சற்று அதிகம். நகரவாசியின் வருமானம் கிராமவாசியினுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்ததையும் அதே ஆய்வு காட்டியது.

இத்தகைய பணியைத் தனி மனிதர் ஒருவர் எத்தனை முறை செய்ய முடியும்? நிலையான நிறுவனங்கள் தேவை என்ற எண்ணம் அவரது பிற்கால வாழ்வு முழுவதையும் வழிநடத்தியது.

தில்லியில் உருவான நிறுவனங்கள்

சுதந்திரத்துக்குப் பின் 1949-ல் தில்லிப் பொருளாதாரப் பள்ளியை ராவ் நிறுவினார். அதை நடத்திய சங்கத்தின் தலைவராகப் பிரதமர் நேரு இருந்தார். அதே ஆண்டில் மகலநோபிஸ் தலைமையில் அமைந்த தேசிய வருமானக் குழுவில் ராவும் டி.ஆர். காட்கிலும் உறுப்பினர்களாயினர்.

1957 முதல் 1960 வரை தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக ராவ் இருந்தபோது, சமூகவியல் துறையைத் தொடங்க எம்.என். ஸ்ரீநிவாஸ் தில்லிக்கு வந்தார். பொருளாதார வளர்ச்சி நிறுவனம் 1958-ல் செயல்படத் தொடங்கியதும் ராவின் முயற்சியால்தான்.

அரசுப் பணம், அறிஞர் முடிவு

அறிவியல், தொழில் ஆராய்ச்சிக்கென 1942 முதலே தனி அமைப்பு இருந்தது. சமூக அறிவியலுக்கு அத்தகைய அமைப்பு இல்லை. திட்டக் குழு உறுப்பினராக ராவ் இருந்தபோது, 1965-ல் அவரது தலைமையில் இதுகுறித்து ஆராயக் குழு அமைக்கப்பட்டது. தன்னாட்சி பெற்ற ஆராய்ச்சி கவுன்சில் ஒன்று வேண்டும் என அக்குழு 1968-ல் பரிந்துரைத்தது.

இதனிடையே 1967-ல் பெல்லாரியிலிருந்து மக்களவைக்குத் தேர்வான ராவ், 1969-ல் மத்தியக் கல்வி அமைச்சரானார். அந்த ஆண்டிலேயே கவுன்சில் பிறந்தது. காட்கில் அதன் முதல் தலைவரானார், ஜே.பி. நாயக் உறுப்பினர் செயலர் பொறுப்பேற்றார். 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் நாட்டு நலப்பணித் திட்டத்தை ராவ் தொடங்கி வைத்ததும் அதே ஆண்டில்தான்.

கவுன்சிலின் ஆதரவில் நடந்த ஆய்வுகள் ஆட்சியாளர்களுக்கு எப்போதும் இனிப்பாக அமையவில்லை. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களின் கல்வி நிலை 1970-களில் பல மாநிலங்களில் ஆராயப்பட்டது. மகளிர் நிலை குறித்த தேசியக் குழுவுக்காகவும் கவுன்சில் ஆய்வுகளை நடத்தச் செய்தது. ஆண்-பெண் விகிதம் சரிந்ததையும், உழைப்போரில் மகளிரின் பங்கு குறைந்ததையும் அக்குழுவின் 1974-ம் ஆண்டு அறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அரசின் பணத்தில் நடந்த ஆய்வே அரசின் குறைகளையும் சுட்டியது.

எனினும் இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமும் இருந்தது. கவுன்சிலின் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது மத்திய அரசு; மானியம் தருவதும் அதுவே. எனவே தன்னாட்சி என்பது அரசின் பெருந்தன்மையைப் பெரிதும் சார்ந்ததாயிற்று. நிதிப் பற்றாக்குறையும் தொடர்ந்தது. பொருளாதார அறிஞர் ஏ. வைத்தியநாதன் தலைமையிலான மறுஆய்வுக் குழு, கவுன்சிலைச் சீரமைக்க வேண்டும் என 2007-ல் பரிந்துரைத்தது.

அமைச்சர் பதவியிலிருந்து 1971-ல் விலகிய பின்னும் ராவ் ஓயவில்லை. 1972-ல் பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1974-ல் பத்மவிபூஷண் விருது பெற்றார். 1991 ஜூலை 25-ம் தேதி காலமானார். இளம் சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கான விருது ஒன்று அவரது பெயரால் ஏற்படுத்தப்பட்டுள்ளது.