தொட்டாச்சிணுங்கியிடம் பாடம் கேட்டவர்

ஜே.சி.போஸ் என்றாலே தாவரத்துக்கு உயிர் உண்டு என்று கண்டுபிடித்தவர் என எழுதி ஒரு மார்க் வாங்கிவிடுகிறோம். எனக்கு அது சரியாப் படலை. செடிக்கு உயிர் இருக்குன்னு அவருக்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். செடி அசையும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கருவி செய்து அளந்தாரே, அதுதான் அவர் வேலை.

1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில் பிறந்தார். அப்பா அரசு அதிகாரி. இருந்தும் மகனைத் தாய்மொழிப் பள்ளியில்தான் சேர்த்தார். அங்கே கூடப் படித்த ஒரு மீனவர் மகன் சொன்ன மீன், பறவைக் கதைகளைக் கேட்டுத்தான் போஸுக்கு இயற்கை மேல் ஆசை வந்ததாம்.

இங்கிலாந்தில் படித்துவிட்டு 1885-ல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் ஆசிரியரானார். வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதைவிடக் குறைச்சல். மூன்று வருஷம் சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தினார்! வீட்டிலோ அப்பாவுக்கு ஏகப்பட்ட கடன். கடைசியில் முழுச் சம்பளமும் பாக்கியோடு வந்தது, கடனும் அடைந்தது. (அவர் மனைவி அபலா நம்ம மெட்ராஸில் டாக்டருக்குப் படித்தவர். உடம்பு சரியில்லாமல் பாதியிலேயே விட்டுவிட்டார்.)

தொட்டாச்சிணுங்கியின் இலைக்காம்பு அடியில் ஒரு சின்ன முண்டு இருக்கும். தொட்டதும் ஒரு மின்துடிப்பு அங்கே ஓடும். முண்டின் கீழ்ப்பாதி செல்களிலிருந்து தண்ணீர் வெளியேறும், காம்பு தொங்கிவிடும். தசை கிடையாது, எல்லாம் தண்ணீர் செய்யும் வேலை! இந்த மின்துடிப்பைப் பற்றி 1901-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் போஸ் சொன்னபோது பெரிய நிபுணர்கள் எதிர்த்தார்கள். கட்டுரையை அச்சிடவே இல்லை. அவர் விடலை. அசைவைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தார். 1920-ல் அதே சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

ஃபரித்பூரில் ஒரு சாய்ந்த பேரீச்ச மரம் சாயங்காலம் தலை குனிந்து கும்பிடுவதாக ஜனங்கள் கூடினார்கள். போஸ் அதிலும் கருவியைக் கட்டினார். வெயில் ஏறினால் குனியுது, குளிர்ந்தால் நிமிருது, அவ்வளவுதான்!

நம்ம ஊர் நிலக்கடலைக் காட்டிலும் இதைப் பார்க்கலாம். மழை பொய்த்தால் உச்சி வெயிலில் கடலை இலைகள் மேல்நோக்கி மடிந்து நிற்கும். அங்கேயும் காம்படி முண்டில் தண்ணீர் இடம் மாறுவதுதான் காரணம். மடிந்த இலை மேல் வெயில் குறைவாகப் படும், தண்ணீரும் குறைவாகத்தான் ஆவியாகும். தாத்தாக்கள் இதைப் பார்த்துத்தான் தண்ணீர் பாய்ச்சுவார்கள்.

1917-ல் கல்கத்தாவில் தன் பெயரிலேயே ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது. 79-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, 1937 நவம்பர் 23-ல் கிரிதியில் காலமானார்.