கட்டியவளுக்கே கதவடைப்பு!

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையிலே வேகும் தோழர்களுக்கு ஓர் உண்மை தெரியும். மண் பிசைபவன் ஒருவன். கோப்பையிலே காப்பி பருகுபவன் வேறொருவன். இசை உலகிலும் இதே அநீதி நடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாளின் வாழ்வே அதற்குச் சான்று!

மைசூர்ச் சீமையின் நஞ்சன்கூட்டில் 1878-ல் பிறந்தார். தேவதாசி குலம். ஆடலும் பாடலும் கற்றார். சென்னைக்கு வந்து பெரும் புகழும் பெரும் பொருளும் ஈட்டினார். அவர் பாடியபோது தலையாட்டிய கனவான்கள், நியாயம் கேட்டபோது முகம் சுளித்தனர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையிலே இருந்தவர் முத்துப்பழனி. அவரும் தாசி குலமே. அவர் தெலுங்கில் எழுதிய காவியம் ‘ராதிகா சாந்த்வனம்’. பெண்ணின் வேட்கையைப் பெண்ணே பாடிய நூல். ஆபாசம் என்றார் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம். ஆண் பாடினால் ரசம், பெண் பாடினால் விரசமா என்று கேட்டார் அம்மையார். ஏட்டுச்சுவடியைத் தேடிப் பிடித்து, நீக்கப்பட்ட பாடல்களையும் சேர்த்து, 1910-ல் அச்சேற்றினார். வெள்ளை அரசு தடை போட்டது. 1947-ல்தான் அது நீங்கிற்று.

திருவையாற்றில் தியாகராயர் சமாதி பாழடைந்து கிடந்தது. தம் பொருளைக் கொட்டி நிலம் வாங்கினார். 1921-ல் அடிக்கல் நாட்டிக் கோயில் எழுப்பினார். ஆனால் ஆராதனையிலே பெண் பாடலாகாது என்றனர் வித்துவான்கள்! அவர் பணத்திலே தீட்டில்லை, குரலிலேதான் தீட்டு! அழுது ஓயவில்லை அம்மையார். பெண்களைத் திரட்டி, 1927-ல் தனி ஆராதனையே நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் பிரிந்திருந்த கட்சிகள் ஒன்றாயின; பெண்ணின் குரலும் அங்கே ஒலித்தது.

அவருடைய பக்தி நமக்கு உடன்பாடன்று. தேவதாசி ஒழிப்பை அவர் எதிர்த்ததையும் நாம் மறைக்கமாட்டோம். அந்தக் கொடுமையை வாழ்ந்தறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதை ஒழிக்கவே போராடினார். 1947-ல் சட்டமும் வந்தது. அவர் வழியே நம் வழி. எனினும், தன் உடலும் தன் குரலும் தனக்கே உரியவை என்று நிமிர்ந்த தன்மானத்தை எங்கே கண்டாலும் நாம் போற்றுவோம்.

1952-ல் அம்மையார் மறைந்தார். அந்தச் சமாதிக்கு எதிரிலேயே இன்று அவருக்குச் சிலை இருக்கிறது. வாழ்ந்தபோது கதவடைப்பு, மறைந்தபின் மாலை!

தோழர்களே! முதலாளியிடம் உரிமை கேட்கிறோம். நம் வீட்டிலே, நம் சங்கத்திலே, உடனுழைக்கும் பெண்ணுக்குப் பேச இடம் தந்தோமா? தராவிட்டால், அந்த வித்துவான்களுக்கும் நமக்கும் என்ன வேற்றுமை?