நெர்வி கட்டிய ஸ்டேடியத்தை இடிக்கலாமா?

சிவில் படிக்கும் நண்பர்களுக்கு பியர் லூயிஜி நெர்வி என்ற பெயர் எங்கேயாவது கண்ணில் பட்டிருக்கும். மெக்கானிக்கல், ஐடி, இசிஇ மக்களே, நீங்களும் ஓடிவிடாதீர்கள். இது வெறும் கான்கிரீட் கதை இல்லை. ஒரு ஊரில் பழைய ஸ்டேடியம் ஒன்று இருக்கிறது. மழை பெய்தால் பாதிக்கு மேல் ரசிகர்கள் நனைகிறார்கள். கிளப் ஓனர், இடித்துவிட்டுப் புதுசு கட்டுகிறேன் என்கிறார். ஆனால் அதைக் கட்டியவர் உலகமே கொண்டாடும் இன்ஜினியர். அந்த ஊர் என்ன செய்யணும்? நீங்கள் ஒரு பக்கம் சேருவதற்கு முன்னாடி, கட்டினவர் யார், எதற்காக அப்படிக் கட்டினார் என்று தெரிஞ்சுக்கங்க. அதனால் முதலில் அவர் கதை.

1891 ஜூன் 21 அன்று, இத்தாலியின் வட கோடியில், ஆல்ப்ஸ் மலைப் பக்கம் இருக்கும் சோன்ட்ரியோ என்ற ஊரில் நெர்வி பிறந்தார். அப்பாவுக்குத் தபால் துறையில் வேலை. 1913ல் பொலோன்யா பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் முடித்தார். அப்போது கம்பி போட்ட கான்கிரீட் என்பது ரொம்பப் புது டெக்னாலஜி. இன்றைக்கு நாம் எல்லாரும் ஏஐ பக்கம் ஓடுகிற மாதிரி, அன்றைக்கு கெட்டிக்கார பசங்க கான்கிரீட் பக்கம் ஓடினார்கள். நெர்வியும் பொலோன்யாவிலேயே ஒரு கான்கிரீட் கம்பெனியில் சேர்ந்தார். நடுவில் முதல் உலகப் போர் வந்தது. ராணுவத்தின் இன்ஜினியர் பிரிவில் இருந்துவிட்டுத் திரும்பினார். 1920களில் ரோமில் சொந்தமாகக் கம்பெனி தொடங்கினார். 1932லிருந்து உறவினர் பார்தோலியுடன் சேர்ந்து நெர்வி அண்ட் பார்தோலி என்ற பெயரில் நடத்தினார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நெர்வி வரைந்து கொடுத்துவிட்டுப் போகிற டிசைனர் மட்டும் இல்லை. அவரே கான்ட்ராக்டர். டெண்டர் போடணும், குறைந்த விலை சொல்லணும், சொன்ன விலைக்குள் முடிக்கணும், நஷ்டம் வந்தால் அவர் பாக்கெட்டிலிருந்துதான் போகும். இன்றைக்கு மியூசியம் பொருள் மாதிரி பார்க்கப்படும் அவருடைய கட்டடங்களில் நிறைய, சிக்கனமாகக் கட்டித் தருகிறேன் என்று சொல்லி வாங்கிய வேலைகள்தான்.

அப்படி அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஃப்ளாரன்ஸ் ஸ்டேடியம். ஊரின் ஃபுட்பால் கிளப்பான ஃபியோரென்டினா தொடங்கி ஐந்தே வருஷம் ஆகியிருந்தது. 1931ல் முதல் மேட்ச் நடந்தது, 1932ல் முழுசாக முடிந்தது. மேலிருந்து பார்த்தால் ஆங்கில எழுத்து 'டி' மாதிரி இருக்கும். மெயின் ஸ்டேண்டுக்கு மேலே கூரை. முன்னால் ஒரு தூண் கிடையாது. பின்பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டு முன்னால் நீளும் கான்டிலீவர். அதன் விலா எலும்புகளின் வளைவைப் பார்த்தாலே எந்த இடத்தில் வளைவுத் திருப்புமை அதிகம், எங்கே குறைவு என்று படித்துவிடலாம். பென்டிங் மொமென்ட் டயக்ராமையே கான்கிரீட்டில் வார்த்த மாதிரி.

ஆனால் எனக்குப் பிடித்தது படிக்கட்டுகள். ஸ்டேடியத்துக்கு வெளியே, மேல் வரிசைக்கு ஏறுவதற்கு, சுருள் சுருளாக ஏறும் படிகள். படி ஒரு பக்கமாகச் சுற்றி ஏறும், அதைத் தாங்கும் பீம் எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்து அதைக் குறுக்கே வெட்டும். காற்றில் நிற்கிற மாதிரி இருக்கும். அந்தக் காலத்தில் இதற்கு எட்டாப்ஸும் இல்லை, ஸ்டாட் ப்ரோவும் இல்லை, பேப்பரும் பென்சிலும்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லணும். அது முசோலினி ஆட்சி. அந்த ஸ்டேடியத்துக்கு முதலில் வைத்த பெயர் ஜியோவன்னி பெர்தா, ஒரு ஃபாசிஸ்ட் கட்சிக்காரர் பெயர். நெர்வி அந்த அரசாங்கத்திடம் வேலை வாங்கினார், அதற்காக விமானக் கொட்டகைகளும் கட்டினார். இன்றைக்கு அந்த ஸ்டேடியத்தின் பெயர் ஆர்தேமியோ ஃப்ராங்கி.

அந்த விமானக் கொட்டகைகள்தான் அவரை மாற்றின. 1930களின் நடுவில், ஓர்வியெத்தோ என்ற ஊரில் விமானப் படைக்காக முதல் கொட்டகை. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் விலாக்களால் ஆன வளைகூரை. இதைக் கையால் கணக்குப் போட்டு முடிக்க முடியாது என்பதால், மிலானில் பேராசிரியர் டனுஸ்ஸோவின் லேபில் செல்லுலாய்டில் சின்ன மாடல் செய்து, எடை வைத்து, எவ்வளவு வளைகிறது என்று அளந்து பார்த்தார்கள். கட்டியும் முடித்தாயிற்று. ஆனால் நெர்விக்குத் திருப்தி இல்லை. காரணம், சென்ட்ரிங் செலவு. உங்கள் வீட்டு மாடிக்கு கான்கிரீட் போடும்போது பார்த்திருப்பீர்கள். பலகை அடித்து, முட்டுக் கொடுத்து, கம்பி கட்டி, அப்புறம்தான் கான்கிரீட். வளைந்த கூரை என்றால் அந்தப் பலகை வேலையே ஒரு தனிக் கட்டடம் மாதிரி ஆகிவிடும். கான்கிரீட் காய்ந்ததும் அதைப் பிரித்துப் போட்டுவிட வேண்டியதுதான். கான்ட்ராக்டர் மனசு கேட்குமா?

அதனால் அடுத்த கொட்டகைகளில் கூரையைத் துண்டு துண்டாகத் தரையிலேயே வார்த்து, மேலே தூக்கி, மூட்டுகளில் கம்பியை வெல்டிங் செய்து, கான்கிரீட் ஊற்றி இணைத்தார். 1944ல் பின்வாங்கிய ஜெர்மன் படைகள் அவற்றை வெடி வைத்துத் தகர்த்தன. கூரைகள் அப்படியே கீழே விழுந்தன. ஆனால் இடிபாடுகளைப் பார்த்தபோது, பெரும்பாலான மூட்டுகள் பிரியாமலே இருந்தன. ஒரு இன்ஜினியருக்கு இதைவிடக் கொடூரமான லோட் டெஸ்ட் ரிப்போர்ட் கிடைக்காது.

போர்க்காலத்தில் இரும்பும் பலகையும் கிடைக்காத நேரத்தில் அவர் பிடித்த இன்னொரு வழி ஃபெரோசிமென்ட். மெல்லிய கம்பி வலைகளை அடுக்கி, ஜல்லி இல்லாமல் சிமென்ட் கலவையை உள்ளே அழுத்திப் பூசுவது. பலகை அவ்வளவாக வேண்டாம், கொத்தனார் கரண்டி போதும். அதை வைத்து 'இரேனே' என்று ஒரு கப்பலே கட்டினார். அதன் உடல் ஒன்றரை அங்குலம் கனம்கூட இல்லை. 1949க்குள் தூரினில் மாபெரும் கண்காட்சி மண்டபம். அப்புறம்தான் ரோம் ஒலிம்பிக்ஸ்.

1960 ஒலிம்பிக்ஸுக்காக ரோமில் அவர் கட்டியவற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அன்னிபலே வித்தெல்லோத்சியுடன் சேர்ந்து சின்ன உள்ளரங்கமான பலாத்செத்தோ: சுமார் 60 மீட்டர் அகலக் குவிமாடம், முன்கூட்டியே வார்த்த 1,620 துண்டுகள், வெளியே கை நீட்டித் தாங்குகிற 36 'ஒய்' வடிவத் தூண்கள். துண்டுகள் தரையில் தயாரான பிறகு குவிமாடம் எழுந்தது 40 நாளில். பியாசென்டினியுடன் சேர்ந்து 100 மீட்டர் குவிமாடம் கொண்ட பெரிய அரங்கம். பதினெட்டு வயது கேசியஸ் கிளே, அதாவது பின்னாளின் முகமது அலி, பாக்ஸிங் தங்கம் வாங்கியது அதற்குள்தான். மூன்றாவது, மகன் அன்டோனியோவுடன் சேர்ந்து 1957லிருந்து 59க்குள் முடித்த ஃப்ளாமினியோ ஸ்டேடியம்.

ஃப்ளாமினியோவில்தான் நம்ம கேள்விக்கான சுவாரஸ்யமே இருக்கிறது. அந்த இடம் காலி மனை இல்லை. அங்கே 1911ல் கட்டிய தேசிய ஸ்டேடியம் இருந்தது. 1934ல் இத்தாலி தன் முதல் உலகக் கோப்பையை வென்ற இறுதிப் போட்டி நடந்தது அதே மைதானத்தில். யோசிச்சுப் பாருங்க, நம்ம ஊரில் அப்படி ஒரு மைதானம் இருந்தால் ஒரு செங்கல்லைத் தொட விடுவோமா? ரோம் இடித்தது. இடித்த இடத்தில் நெர்வி புதுசு கட்டினார். இன்றைக்கு நெர்வியின் ஸ்டேடியத்தைத் தொடாதே என்று கொடி பிடிப்பவர்கள், நெர்வியே ஒரு சரித்திர ஸ்டேடியத்துக்குப் பதிலாகக் கட்டியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லணும் என்பது என் கருத்து.

ஆனால் அவர் அங்கே கட்டியது என்ன என்று பாருங்கள். ஸ்டேண்டுகளுக்கு அடியில் இருக்கும் சரிவான இடத்தை வீணாக்காமல் நீச்சல் குளம், ஜிம், பாக்ஸிங், ஃபென்சிங் பயிற்சிக் கூடங்கள். பதினைந்து நாளைக்கு ஒரு மேட்ச் நடந்துவிட்டுப் பூட்டிக் கிடக்கிற இடமாக இல்லாமல், தினமும் பக்கத்துத் தெருப் பசங்க வந்து போகிற இடமாக.

இதற்கு அப்புறம் புகழ்தான். பாரிஸில் யுனெஸ்கோ தலைமையகம், மிலானில் பிரெல்லி கோபுரம், நியூயார்க்கில் பஸ் ஸ்டேஷன், வாடிகனில் போப்பின் சபை மண்டபம் என்று பல பேருடன் சேர்ந்து வேலை. 1961ல் ஹார்வர்டில் உரைத்தொடர். அமெரிக்காவின் நார்ஃபோக் நகரில் 134 மீட்டர் குவிமாடத்தோடு 1971ல் திறந்த 'ஸ்கோப்' அரங்கமும் அவர் கை பட்டதுதான். அங்கேயும் இப்போது, இது பழசாகிவிட்டது, புது அரங்கம் கட்டலாமா என்று பேச்சு நடந்திருக்கிறது. 1979 ஜனவரி 9 அன்று ரோமில் இறந்தார்.

அவர் போன பிறகுதான் கட்டடங்களுக்குச் சோதனை. ஃப்ளாமினியோவில் இத்தாலி ரக்பி அணி 2000லிருந்து சிக்ஸ் நேஷன்ஸ் ஆடியது. முதல் மேட்சிலேயே ஸ்காட்லாந்தை வீழ்த்தியது. 2011ல் பிரான்ஸை ஒரே ஒரு பாயின்ட்டில் ஜெயித்தது. அதற்கு அப்புறம் இடம் பத்தவில்லை என்று பெரிய ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டார்கள். ஃப்ளாமினியோ பூட்டப்பட்டது. நடுவில் அமெரிக்காவின் கெட்டி ஃபவுண்டேஷன் பணத்தில், எப்படிப் பாதுகாக்கலாம் என்று ஆராய்ச்சித் திட்டம் வந்தது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்ற அந்தஸ்தும் வந்தது. ஆனால் வருஷக்கணக்காக உள்ளே ஆட்டம் இல்லை, செடிதான் முளைத்தது.

கான்கிரீட்டுக்கு வயது ஒரு பிரச்சினையே இல்லை என்று நினைக்காதீர்கள். காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி, கம்பியைக் காப்பாற்றும் காரத்தன்மையைக் குறைக்கும். அது கம்பி வரை போய்விட்டால் துரு ஆரம்பம். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால் மேல்பூச்சு தெறித்து விழும். நெர்வி மாதிரி மெல்லிசாகக் கட்டுகிறவர்களுக்கு இது இரட்டைப் பிரச்சினை, ஏனென்றால் கம்பிக்கு மேலே இருக்கும் கவர் குறைவு. பராமரிப்பு இருந்தால் சமாளிக்கலாம். பூட்டிப் போட்டால் மழைத்தண்ணீர் குழாய் அடைக்கிறது, தண்ணீர் தேங்குகிறது, யாரும் பார்ப்பதில்லை. ஃப்ளாமினியோவை யாரும் இடிக்கவில்லை என்பது சரிதான். ஆனால் புல்டோசர் ஒரு மாதத்தில் செய்வதை மழை இருபது வருஷத்தில் செய்யும்.

இப்போது ஃப்ளாரன்ஸ். சுமார் 43,000 பேர் உட்காரும் இடத்தில் கூரை மெயின் ஸ்டேண்டுக்கு மட்டும். 1990 உலகக் கோப்பைக்காக ஓட்டப் பாதையை எடுத்து, மைதானத்தைத் தாழ்த்தி, சீட்டுகளைக் கூட்டினார்கள். அதற்கு அப்புறமும் வளைவு ஸ்டேண்டில் இருப்பவர்களுக்கு ஆட்டம் தூரம்தான். 2019ல் கிளப்பை வாங்கிய அமெரிக்கத் தொழிலதிபர் ரோக்கோ கொம்மிசோ, தன் பணத்தில் நவீன ஸ்டேடியம் வேண்டும் என்றார். விளையாட்டு அரங்கங்களைப் பழைய சின்னச் சட்டத்திலிருந்து கொஞ்சம் தளர்த்தும் சட்டமும் 2020ல் வந்தது. நெர்வியின் குடும்பமும் உலகம் முழுக்க இருக்கும் ஆர்க்கிடெக்டுகளும் எதிர்த்தார்கள். 2021 ஜனவரியில் கலாச்சார அமைச்சகம் முடிவு சொன்னது: கோபுரம், சுருள் படி, கூரை மட்டுமல்ல, ஏறக்குறைய முழு ஸ்டேடியமும் நிற்கணும். பிறகு மாநகராட்சி சர்வதேசப் போட்டி வைத்து, 2022ல் ஆரப் நிறுவனத்தின் குழுவைத் தேர்ந்தெடுத்தது. பழைய ஸ்டேடியத்துக்கு மேலே தனியாக நிற்கும் புது இரும்புக் கூரை, வளைவுகளுக்கு முன்னால் மைதானத்தை ஒட்டிப் புது ஸ்டேண்டுகள். 2023ல் ஐரோப்பிய நிதியில் 5.5 கோடி யூரோ வராமல் போனதும் திட்டம் தடுமாறியது.

என்னைக் கேட்டால், கூரையையும் படிகளையும் கோபுரத்தையும் தொடக்கூடாது. அந்த மாதிரி இனி யாரும் கட்டப் போவதில்லை. ஆனால் வளைவு ஸ்டேண்டுகள் ஒரே மாதிரியான சட்டங்கள் திரும்பத் திரும்ப வருபவை. அதில் சில வரிசையை இடித்துவிட்டு மைதானத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்ட அனுமதித்திருந்தால், செலவும் குறைந்திருக்கும், ரசிகருக்கும் ஆட்டம் தெரிந்திருக்கும். செலவைப் பார்த்துத்தான் வடிவத்தை முடிவு செய்த மனுஷரின் கட்டடத்தை, செலவையே பார்க்காமல் காப்பாற்றுவது எனக்கு விநோதமாகப் படுகிறது. நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். எங்கள் டிபார்ட்மென்டிலேயே இதில் இரண்டு கட்சி இருக்கிறது.

ரோமின் பலாத்செத்தோவை சில வருஷம் மூடி, கூரையைச் சீர்செய்து, திரும்பத் திறந்துவிட்டார்கள். அந்த 36 'ஒய்' தூண்களுக்கு நடுவே மறுபடி பாஸ்கெட்பால் நடக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஃப்ளாமினியோ. அதைத் தன் சொந்த மைதானமாக மாற்ற லாசியோ கிளப் கேட்கிறது. அங்கே அடுத்த விவாதம் தொடங்கியாச்சு.